ஒரே தட்டில் சாப்பிட்டவனை ரிங்கில் எப்படி அடிப்பது?

கேள்வி:

"வணக்கம் சார். எனக்கு 22 வயது, வடசென்னை. குத்துச்சண்டையில் 60 கிலோ பிரிவில் போன வருடம் மாநில சாம்பியன் ஆனேன். 13 வயதிலிருந்து ஒரே மாஸ்டரிடம்தான் பயிற்சி. நான் சேர்ந்த அதே வாரம் என்னோடு சேர்ந்தவன் ஒருவன் உண்டு. ஏழு வருடத்துக்கு மேல் ஒன்றாக ஓடினோம், ஒன்றாக ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தோம். காலைப் பயிற்சி முடிந்தால் அவன் வீட்டில்தான் இட்லி, அதுவும் ஒரே தட்டில். ஒன்றரை வருடத்துக்கு முன் அவனுக்கும் மாஸ்டருக்கும் பெரிய தகராறு. வேறு மாவட்டத்தில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டான். இப்போது அவனும் 60 கிலோவில் ஆடுகிறான். அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அரையிறுதியிலோ இறுதியிலோ நாங்கள் மோத வேண்டியிருக்கும்.

மாஸ்டர் தினமும் என் குத்தை வாங்கப் பேடு பிடிக்கும்போது அவன் பெயரைச் சொல்லி, 'முதல் ரவுண்டிலேயே முடிச்சு அனுப்பு' என்கிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் என் வலது கை செத்துப்போகிறது. இன்னொன்று: ஒரு முறை பைக்கிலிருந்து விழுந்து அவனுக்கு இடது தோள்மூட்டு விலகியது. எனக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இதை மாஸ்டரிடம் சொல்வதா? காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடலாமா, 65 கிலோவுக்கு ஏறிவிடலாமா என்றெல்லாம் தோன்றுகிறது. போன வாரம் அவன் அம்மா போன் செய்து, 'மேட்ச் அன்னிக்கு நான் எந்தப் பக்கம்பா உக்காரணும்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை."

பதில்:

அன்புள்ள தம்பி,

கை செத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இதைப் பயம் என்றோ கோழைத்தனம் என்றோ நீங்களே உங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு வருடம் அவன் முகத்துக்கு நேரே உங்கள் கை போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல ஜிம்மில் அப்படித்தான் பழக்குவார்கள்: பார்ட்னரை உடைத்துவிடாதே, நாளைக் காலையும் அவன் வர வேண்டும். அப்படிப் பழகிய கை அந்தப் பெயரைக் கேட்டதும் தானாகவே பிரேக் போடுகிறது. பழக்கத்தால் வந்த இந்தத் தயக்கத்தைப் பழக்கத்தாலேயே மாற்ற முடியும். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, அது போதும்.

ஆனால் இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. பாதியில் நிற்கும் குத்து எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கை வெளியே போய்விட்டது, வேகம் இல்லை, திரும்பி வரவும் நேரமாகிறது, தாடை திறந்து கிடக்கிறது. ஆண்கள் சீனியர் பிரிவில் 2013 முதல் ஹெட்கார்டும் கிடையாது. ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டு வாங்கிய அதே ஹூக்கை, வளைந்து வரும் அந்தக் குத்தை, இங்கே மெல்லிய 10 அவுன்ஸில் வாங்குவீர்கள்.

பல வருடங்களுக்கு முன், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு போட்டியில் ஒரு பையனின் கார்னரில் உதவிக்கு நின்றிருந்தேன். எதிரில் அவனுடைய ஹாஸ்டல் அறைத் தோழன். எங்கள் பையன் முதல் ரவுண்டு முழுக்க ஜாப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) மட்டும் போட்டான், அதுவும் தொட்டுத் தொட்டு. இரண்டாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக் வாங்கிக் கீழே விழுந்தான். எழுந்துவிட்டான், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மேட்ச் போனது. நான் எதிர்பார்க்காதது அதற்கு அப்புறம் நடந்தது. ஜெயித்தவன் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து, "எனக்கு விட்டுக்கொடுத்தியாடா?" என்று கேட்டான். இவன் பதில் சொல்லவில்லை. அந்த மெடலை அவன் வீட்டில் எங்கும் மாட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குத்து வாங்கியவனுக்குக் கோபமே இல்லை. விட்டுக்கொடுக்கப்பட்டவனுக்குத்தான் ஆறவில்லை.

அதனால் முதல் விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பனுக்கு நீங்கள் தரக்கூடிய மரியாதை முழு பலத்தோடு ஆடுவதுதான். அதற்காக அவனை எதிரியாக மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. இந்த இரண்டும் ஒருவருக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் கேள்வி. முடியும். இருந்திருக்கிறது, உங்கள் ஊருக்கே வந்து போயிருக்கிறது.

1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிக் குத்துச்சண்டை, எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். உங்கள் பகுதிப் பெரியவர்களைக் கேளுங்கள், கண் விரியச் சொல்வார்கள். அலியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அன்று ரிங்கில் அவருக்கு எதிரே நின்றவரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். அவர் ஜிம்மி எல்லிஸ்.

எல்லிஸும் அலியும் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துப் பையன்கள். அமெச்சூர் காலத்தில் இரண்டு முறை மோதி ஆளுக்கு ஒன்று ஜெயித்தவர்கள். பின்னால் இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஆஞ்சலோ டண்டீ. எல்லிஸ் பல வருடம் அலியின் ஸ்பாரிங் பார்ட்னர். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. காலியான இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஒரு போட்டித் தொடர் நடத்தியது. 1968-ல் அதில் ஜெயித்துப் பட்டத்தை எடுத்தவர் இதே எல்லிஸ். யோசித்துப் பாருங்கள்: நண்பனிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டம் தன் இடுப்பில். பிறகு அதை ஜோ ஃபிரேசியரிடம் இழந்தார். 1971 மார்ச்சில் அலியும் ஃபிரேசியரிடம் தோற்றார். அதே ஜூலை 26-ம் தேதி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில், அலியும் எல்லிஸும் நேருக்கு நேர் வந்தார்கள்.

டண்டீ எந்தக் கார்னரில் நிற்பது? அலிக்கு அவர் பயிற்சியாளர் மட்டும். எல்லிஸுக்கோ மேனேஜரும் அவரே. அதனால் அன்று எல்லிஸின் கார்னரில் நின்றார். முன்கூட்டியே பேசித் தீர்த்த விஷயம் அது, அலியும் ஏற்றுக்கொண்டார். 12-வது ரவுண்டில் நடுவர் நிறுத்த, அலி ஜெயித்தார். அடுத்த சண்டைகளுக்கு டண்டீ மறுபடி அலியின் கார்னருக்கு வந்துவிட்டார். அலியும் எல்லிஸும் ஒன்பது வருடம் கழித்து நம் ஊரில் ஒரே மேடை ஏறினார்கள். அந்த நட்பு உடையாமல் நின்றதற்கு ஒரு காரணம், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்திருந்ததுதான் என்று நான் நம்புகிறேன். யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

இங்கே உங்கள் மாஸ்டரைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. 13 வயதுப் பையனை மாநில சாம்பியனாக்கியவர். அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் புரிகிறது. உங்கள் ஊரில் குத்துச்சண்டை பரம்பரை பரம்பரையாக வளர்ந்த கலை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒரு மானம் இருந்தது. வாத்தியாரை விட்டுப் போவது வீட்டை விட்டுப் போவது மாதிரி. அந்த நினைப்பு இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்வது தவறு. அவருக்கும் உங்கள் நண்பனுக்கும் உள்ள கணக்கை உங்கள் கையால் தீர்க்கப் பார்க்கிறார். அந்தத் தகராறில் நீங்கள் ஒரு கட்சி இல்லை. அவர் கோபத்தை இரவல் வாங்கிக்கொண்டு ரிங்கில் ஏறினால் முதல் ஒரு நிமிடம் வேண்டுமானால் ஓடும். நண்பன் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிடும், ஏனென்றால் அது உங்களுடையதே இல்லை. மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு ஆட வேண்டும். இறங்கின பிறகு எதை வைத்து ஆடுவீர்கள்?

மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். பயிற்சி நேரத்தில் வேண்டாம், மற்ற பையன்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். அவர் டீ குடிக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். இப்படிச் சொல்லலாம்: "மாஸ்டர், நான் ஜெயிக்கணும்னுதான் ஆடப் போறேன். ஒரு உதவி மட்டும் வேணும். பேடு பிடிக்கும்போது அவன் பேரைச் சொல்லாதீங்க, கை நிக்குது. 'ஜாப் டபுள்', 'பாடிக்கு இறங்கு'ன்னு சொல்லுங்க, கை தானா போகும்." கவனியுங்கள், இதில் அவர் செய்தது தவறு என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவருக்கும் உங்களுக்கும் பொதுவான ஒன்றுக்காக, உங்கள் கை ஓடுவதற்காகக் கேட்கிறீர்கள். நிறையப் பயிற்சியாளர்கள் இப்படிக் கேட்டால் மறுப்பதில்லை. அவர் மறுத்தாலும் நீங்கள் சொன்னது அவர் காதில் இருக்கும்.

அடுத்து அந்தத் தோள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சொல்லிவிடலாமா என்று நீங்கள் தவிப்பதே உங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. சொல்லாதீர்கள். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இரண்டு வகை. ஜாப் போட்டதும் இடது கையைத் தாடைக்குக் கொண்டுவராமல் மார்பளவில் தொங்கவிடுகிறானா, களைத்தால் வலது பக்கமாகவே நகர்கிறானா, இதெல்லாம் நீங்கள் ரிங்கில் உழைத்துக் கண்டது. அது உங்கள் சொத்து, தாராளமாகப் பயன்படுத்துங்கள். உங்களைப் பற்றி அவனும் அதே அளவு வைத்திருக்கிறான். தோள் விஷயம் ரிங்கில் கண்டது இல்லை. வலியில் இருந்தவன் பக்கத்தில் நீங்கள் நண்பனாக உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது. அதை ரிங்குக்குள் எடுத்துப் போனால் ஜெயித்த பிறகு அவன் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது, உங்களுக்கே தெரியும்.

விதிப்படியும் அதில் பெரிய லாபம் இல்லை. தோளிலும் கையிலும் விழும் குத்துக்குப் புள்ளி கிடையாது. தலையிலும், பெல்ட்டுக்கு மேலே உடம்பிலும், முன்பக்கமும் பக்கவாட்டிலும் சுத்தமாக விழுந்தால்தான் புள்ளி போடும் ஐந்து நடுவர்களும் கணக்கில் எடுப்பார்கள். தோளைத் தேடிப் போனால் மூன்று ரவுண்டும் கையிலேயே அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதே நேரம் அந்தத் தோள் உங்களுக்குக் கவலையாக இருந்தால், நண்பனாக அவனிடமே சொல்லுங்கள்: போட்டிக்கு முன் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடு என்று. குத்துச்சண்டைக்காரனுக்குத் தோள் சின்ன விஷயம் இல்லை. விட்டாலி கிளிட்ச்கோ 2000-ல் பெர்லினில் கிறிஸ் பேர்டோடு ஆடும்போது புள்ளிகளில் முன்னால் இருந்தார். தோள் காயத்தால் ஒன்பதாவது ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார், உலகப் பட்டம் கை மாறியது.

கிளிட்ச்கோ என்றதும் உங்கள் இன்னொரு கேள்வி நினைவுக்கு வருகிறது. விட்டாலியும் தம்பி விளாதிமிரும் ஒரே காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியன்களாக இருந்தார்கள். தங்களுக்குள் ஒருபோதும் மோதுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, கடைசிவரை காப்பாற்றினார்கள். அதை நான் மதிக்கிறேன். உங்கள் நிலைமை வேறு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரே எடைக்குப் பல அமைப்புகளின் பட்டங்கள் உண்டு, அண்ணன் ஒன்றும் தம்பி மற்றதுமாக வைத்துக்கொள்ள முடிந்தது. மாநிலப் போட்டியில் 60 கிலோவுக்குத் தங்கம் ஒன்றுதான். தவிர, அவர்கள் ஊரறியச் சொல்லிவிட்டு விலகி நின்றார்கள். நீங்கள் யோசிப்பதோ பொய்க் காய்ச்சல். அது பொய் என்று அவனுக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏழு வருடம் உங்களோடு இருந்தவன், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பீர்கள் என்று பார்த்திருக்கிறான். 65-க்கு ஏறுவதைப் பற்றி மாஸ்டரோடு பேசலாம், உங்கள் உடம்பு வளர்ந்து எடை குறைக்கக் கஷ்டப்படுகிறீர்கள் என்றால். நண்பனிடமிருந்து தப்பிக்க ஒரே மாதத்தில் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு, இயல்பாகவே அந்த எடையில் இருக்கிறவனிடம் போய் அடி வாங்குவதை நான் எப்படிச் சரி என்பேன்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் சாம்பியன், அவன் சவால் விடுபவன். ஒரே ஜிம்மில் வளர்ந்த இருவர் மோதும்போது சாதகம் சாம்பியனுக்குத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. லாரி ஹோம்ஸ் இளம் வயதில் அலியின் டீர் லேக் பயிற்சி முகாமில் கூலிக்கு ஸ்பாரிங் செய்தவர். அலியின் கையால் கண் கறுத்தபோது அதைப் பெருமையாக ஊருக்குப் போய்க் காட்டியவர். அலி அங்கே தன் ஆட்டத்தைப் பழகிக்கொண்டிருந்தார், ஹோம்ஸ் அலியைப் படித்துக்கொண்டிருந்தார். 1980 அக்டோபர் 2-ம் தேதி லாஸ் வேகாஸில் இருவரும் மோதியபோது ஹோம்ஸ் சாம்பியன். அலிக்கு 38 வயது, தைராய்டு மாத்திரை சாப்பிட்டு உடம்பு வற்றிப்போயிருந்தது. மெட்ராஸில் எல்லிஸோடு விளையாட்டாக ஆடிவிட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பத்து ரவுண்டு அடி வாங்கினார். பத்தாவது முடிந்ததும் டண்டீ நிறுத்தினார். அலியின் வாழ்க்கையிலேயே நடுவில் நிறுத்தப்பட்டுத் தோற்ற சண்டை அது ஒன்றுதான்.

உங்கள் நண்பனும் ஒன்றரை வருடமாக உங்கள் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கை போடுமுன் நீங்கள் செய்யும் சின்ன அசைவு, மூச்சு, தோள், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவனுக்குத் தெரியாத ஒன்று, இந்த ஒன்றரை வருடத்தில் நீங்கள் புதிதாகக் கற்றது மட்டும்தான். அதில் எது உங்களிடம் உறுதியாக இருக்கிறது என்று மாஸ்டரோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு விஷயம் போதும். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததும் ஒன்றரை வருடம் பழையது, அதையும் மறக்க வேண்டாம்.

ஹோம்ஸைப் பற்றி இன்னொன்று. அன்று அவர் நடுவே நடுவே நடுவரைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்தக் கூடாதா என்று கேட்பதுபோல. சண்டை முடிந்ததும் அழுதார். அலியின் அறைக்கே போய்த் தன் அன்பைச் சொன்னார். ஜெயித்தவர் அழுதது பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்களும் ஜெயித்து அழுதால் அழுங்கள். ஆனால் நடுவரைப் பார்த்துக்கொண்டே ஆடும் நிலை உங்களுக்கு வேண்டாம். உங்கள் விளையாட்டில் இரக்கம் காட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். அடி வாங்கி ஒருவன் தடுமாறினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எட்டு எண்ணுவார், போதும் என்று பட்டால் சண்டையையே முடிப்பார். ரிங் ஓரத்தில் டாக்டர் இருக்கிறார். சண்டை போதும் என்று எறிய அவனுடைய புது மாஸ்டர் கையில் டவல் இருக்கிறது. உங்களுக்கு விதித்த வேலை, 'ஸ்டாப்' என்ற சொல் கேட்டதும் அந்த நொடியே கையை நிறுத்துவது. அதற்கு முந்தின நொடிவரை ஆடுவது. இவ்வளவுதான்.

சரி, கை ஓட என்ன செய்வது? சில பயிற்சியாளர்கள், "எதிரே இருப்பவன் யாரோ என்று நினை, நீலக் கார்னர் என்று மட்டும் நினை" என்பார்கள். முன்பின் தெரியாதவனோடு ஆடுவதற்கு அது உதவும். உங்களுக்கு உதவாது. நடுவர் இருவரையும் நடுவில் கூப்பிட்டு கிளவுஸைத் தொடச் சொல்லும்போது ஒரு முழம் தூரத்தில் அவன் முகம் இருக்கும். அதுவரை முகமே இல்லாதவனாக நினைத்திருந்தால் அங்கேயே எல்லாம் கலைந்துவிடும்.

அதனால் நேர்மாறாகச் செய்யுங்கள். தினமும் இரவு படுக்குமுன் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அந்த மேட்ச்சை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள். அவன் முகத்தைத் தெளிவாகவே கொண்டுவாருங்கள். டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து நடக்கிறீர்கள். கயிற்றுக்குள் குனிந்து நுழைகிறீர்கள். அவன் எதிரே நிற்கிறான், ஒருவேளை லேசாகச் சிரிக்கிறான். நீங்களும் தலையசைக்கிறீர்கள். மணி அடிக்கிறது. உங்கள் முதல் ஜாப் அவன் முகத்தில் முழுசாகப் போய் விழுகிறது. அந்த இடத்தில் மனசு சுருங்கும். சுருங்கட்டும், நிறுத்தாமல் அடுத்த ஜாபுக்குப் போங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தச் சுருக்கம் சின்னதாவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம் கடினமான காட்சி ஒன்றைச் சேருங்கள்: அவன் தடுமாறுகிறான், நடுவர் எட்டு எண்ணுகிறார், நீங்கள் யாருக்கும் சொந்தமில்லாத நியூட்ரல் கார்னரில் நிற்கிறீர்கள். அந்த எட்டு எண்ணும் நேரம்தான் நண்பர்களுக்கு நீளமான நேரம். எண்ணி முடிந்து 'பாக்ஸ்' என்றதும் கை மறுபடி போக வேண்டும். திருப்பியும் ஓட்டிப் பாருங்கள்: எண்ணுவது உங்களுக்கு, தடுமாறியவர் நீங்கள். அவன் கண்ணில் கவலை தெரிகிறது. அதற்காக ஆட்டத்தை விடாதீர்கள்.

பகலில் ஸ்பாரிங்குக்கு அவன் உயரமும் ஸ்டைலும் உள்ள ஒரு பையனைப் பிடியுங்கள். ஸ்பாரிங்கில் வேகம் இருக்கட்டும், தலைக்குப் பலமான அடி வேண்டாம். ஒரு மாதத்தில் மூளைக்குச் சேர்கிற அடி ரிங்கில் வாங்குவதைவிட ஜிம்மிலேயே அதிகமாகிவிடக் கூடாது. எல்லிஸ் கடைசிக் காலத்தில் மறதி நோயில் கிடந்தார், அலிக்குப் பார்க்கின்சன். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. ஸ்பாரிங் முடிந்து தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள், மாஸ்டர் என்ன சொன்னாலும்.

நண்பனுக்கு ஒரு போன் செய்யுங்கள். யார் யாரோடு மோதுவது என்ற ட்ரா வருவதற்கு முன்பே. வாட்ஸ்அப் மெசேஜ் வேண்டாம், குரல் கேட்க வேண்டும். நீளமாகப் பேச வேண்டியதில்லை: "மச்சி, எங்க மோதினாலும் நான் முழுசா ஆடுவேன். நீயும் அப்படியே ஆடு. தோளை மட்டும் டாக்டர்கிட்ட காமிச்சுடு. யார் ஜெயிச்சாலும் மறுநாள் இட்லிக்கு வருவேன்." அவன் பதிலுக்குக் கிண்டல் செய்யலாம், கோபமாகவும் பேசலாம். மாஸ்டர்மேல் உள்ள வருத்தத்தை உங்கள்மேல் கொட்டலாம். கேட்டுக்கொள்ளுங்கள். மாஸ்டருக்காக வாதாடவும் வேண்டாம், அவரை விட்டுக்கொடுத்துப் பேசவும் வேண்டாம். அதற்குப் பிறகு மேட்ச் முடியும்வரை பேசிக்கொள்ள வேண்டாம் என்று இருவருமே வைத்துக்கொள்ளலாம்.

தோற்றால் என்ன ஆகும் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் அந்தப் பயம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. லண்டனில் டேல் யூத் என்ற கிளப்பில் ஒன்றாக வளர்ந்த இருவர், ஜார்ஜ் குரோவ்ஸும் ஜேம்ஸ் டிகேலும். உங்களைப் போல் நட்பு இல்லை, இருவருக்கும் ஆகவே ஆகாது. டிகேல் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 2011 மே மாதம் இருவரும் மோதி, நூலிழையில் குரோவ்ஸ் ஜெயித்தார். அன்றைக்கு டிகேலின் கதை முடிந்தது என்றுதான் பலர் பேசினார்கள். ஆனால் இருவரில் முதலில் உலக சாம்பியன் ஆனது டிகேல், 2015-ல். குரோவ்ஸுக்கு அது 2017-ல்தான் கிடைத்தது. 22 வயதில் ஒரு மாநிலப் போட்டியில் தோற்றால் வருத்தப்படுங்கள், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல்கூட இருங்கள். பெரிய முடிவு எதையும் அந்த வாரத்தில் எடுக்காதீர்கள்.

மேட்ச் முடிந்த அடுத்த ஒரு நிமிடத்தையும் பழகிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் டெல்லியில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கான தேர்வில், மேரி கோம் நிகத் ஜரீனை 9-1 என்று ஜெயித்தார். முடிந்ததும் கை குலுக்கவில்லை. இருவருக்கும் அவரவர் நியாயம் இருந்தது, நான் அதற்குள் போகவில்லை. நிகத் பிறகு 2022-லும் 2023-லும் உலகத் தங்கம் வென்றார். ஆனாலும் அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தால் நிறையப் பேருக்கு ஆட்டம் நினைவில்லை, குலுக்காத கைதான் நினைவிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் அந்த நிமிடம் இன்னும் சிக்கலானது. முடிவு அறிவித்ததும் வீரர்கள் எதிர்க் கார்னருக்குப் போய் அந்தப் பயிற்சியாளருக்கு வணக்கம் சொல்வது வழக்கம். நீங்கள் அவனுடைய புது மாஸ்டரிடம் போவீர்கள், அது சுலபம். அவன் உங்கள் மாஸ்டரிடம் வருவான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, தனக்கு முதல் முதலில் கையில் துணி சுற்றிவிட்டவர் முன்னால் வந்து நிற்பான். அந்த நேரத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்களுக்குத்தான் அது அதிகம் வலிக்கும். டீக்கடையில் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்: "அவன் வருவான் மாஸ்டர். வந்தா தோள்ல ஒரு தட்டு தட்டி அனுப்புங்க." உடனே பதில் எதிர்பார்க்க வேண்டாம். யோசிக்க அவருக்கு ஒரு மாதம் இருக்கிறது.

கடைசியாக அவன் அம்மா. சிரித்துக்கொண்டே கேட்டார் என்றாலும், இரண்டு பையன்களில் யாருக்குக் கை தட்டுவது என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை அவர் தலையில் விடாதீர்கள். இன்றைக்கே திரும்பப் போன் செய்து, "அம்மா, அவன் பக்கம் உக்காருங்க. நான் எதிர்ல இருந்து உங்களைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள்.